வரவேற்புச் சிலை

"முகத்தை ஊர்ப்பக்கமா திருப்பிடலாம், லவினியா" என்றார் நகராட்சி அதிகாரி டங்கன்.

துறைமுகத்தில் கைகளை நீட்டி நின்ற அந்த மரப்பெண்ணைச் செதுக்கியவர் அந்தக் கடற்கரையின் சேலிஷ் பூர்வகுடிப் பெண்ணான லவினியா. நல்லிணக்கத்தின் அடையாளம் என்று மேயர் அன்று மதியம் அதைத் திறந்து வைக்கவிருந்தார்.

"கடலைப் பார்த்தே நிக்கட்டும்னு ஒத்துக்கிட்டீங்களே?"

"விழாவுக்கு வர்றவங்க முதுகையா பார்ப்பாங்க? வரவேற்கிறவ முகத்தைக் காட்ட வேண்டாமா?" டங்கன் சிரித்தபடி கிரேன்காரருக்குச் சைகை காட்டினார். சிலை திரும்பியது.

மேயர் பேசி முடித்து லவினியாவை அழைத்தார். அவர் மேடை ஏறவில்லை. சிலையைத் தாண்டிப் போய், கடலை நோக்கிக் கைகளை நீட்டி நின்றார். வரவேற்பு நடனம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

டங்கன் ஓடிவந்தார். "லவினியா, ஜனங்க அந்தப் பக்கம் இருக்காங்க."

"தெரியும். உங்க விடுதிப் பள்ளிக்கூடத்துல சேர்க்கணும்னு எங்க அண்ணனை அரசாங்க ஆளுங்க படகுல தூக்கிட்டுப் போனப்ப, பிள்ளையைக் குடுத்துடுங்கன்னு எங்கம்மா இங்கதான் இப்படிக் கை நீட்டிக்கிட்டு நின்னா. அவன் திரும்பி வரவே இல்ல. இப்ப அம்மாவைத் திருப்பிட்டீங்க. அவன் வர்றானான்னு பார்க்க யாராவது ஒருத்தர் வேணுமில்ல?"