கலிலியோ வீட்டுப் பெண்

மராத்தி ஊரான தாபோடியில் தமிழர்கள் நடத்திய வினாடி வினாவில் அதுதான் கடைசிக் கேள்வி. கேள்வி கேட்பவரான தேவசகாயம் சீட்டைப் பிரித்துப் படித்தார்.

"வியாழனைச் சுற்றும் நிலாக்களைத் தொலைநோக்கியில் கண்டு உலகுக்குச் சொன்னது யார்?"

ரியா துள்ளி எழுந்தாள். "பியாங்கா, சார்! கலிலியோவோட தொலைநோக்கியைத் துடைக்கிற வேலைக்காரப் பொண்ணு. அவதான் முதல்ல பார்த்துட்டு அவரைக் கூப்பிட்டா."

"கலிலியோ வீட்டுக் காம்வாலி பாயி!" என்று வேலைக்காரிக்கான ஊர்ச் சொல்லைச் சொல்லி ஒரு பையன் கத்த, அரங்கமே சிரித்தது.

தேவசகாயம் சிரிக்கவில்லை. "தப்பும்மா. கலிலியோதான்" என்றார் மெதுவாக.

"யாரு உனக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது?" என்று பக்கத்திலிருந்த நடுவர் அம்மா அதட்டினார்.

ரியா தேவசகாயத்தை ஒரு முறை பார்த்தாள். "ஞாபகம் இல்ல, ஆன்ட்டி."

கோப்பை அந்தப் பையனுக்குப் போயிற்று.

மகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது தாபோடிப் பாலத்தில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினார் தேவசகாயம். "மன்னிச்சிடும்மா. நான் சொன்ன கலிலியோ கதையில உன்னை மாதிரி ஒரு பொண்ணு இருந்தா உனக்குப் பிடிக்குமேன்னு நான்தான் அவளைச் சேர்த்தேன். அங்கேயே எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கணும்."

பின்னிருக்கையிலிருந்து ரியா கேட்டாள்.

"கப் போனா போகட்டும்பா. பியாங்கான்னு ஒருத்தி இருந்ததே இல்லையா?"