நாலாவது மேசையின் கடிகாரம்

உலான்பாத்தரில் ஓப்பன் செஸ் போட்டியின் கடைசிச் சுற்று நடக்கிறது. வெளியே பனி நின்றுவிட்டது. ஜன்னல் வெயில் நாலாவது மேசையில் காய்களின் நிழலை நீளமாகச் சாய்த்திருக்கிறது. லாரி ஓட்டும் தம்பசுரேன் கறுப்புக் காய்களோடு அமர்ந்திருக்கிறார். எதிரே நர்ஸ் உரன்சிமெக். இதை ஜெயித்தால் தேசிய அணியில் அவளுக்கு இடம். மூன்று வருடமாக அரைப் புள்ளியில் கைநழுவிய இடம். தம்பசுரேன் யானையை நகர்த்துகிறார், அதைத் தாளில் எழுதுகிறார், உப்புப் போட்ட பால் டீயை எடுத்து உறிஞ்சுகிறார். கடிகாரத்தை அமுக்க மறந்துவிட்டார். அவருக்கு மிச்சமிருந்த நாலு நிமிடம் கரைந்துகொண்டிருக்கிறது; அது தீர்ந்தால் அவர் தோற்றுவிடுவார். உரன்சிமெக் பலகையைப் பார்க்க முயல்கிறாள். கண் மறுபடி மறுபடி அந்த எண்களுக்கே போகிறது. மூன்று நாற்பது. மூன்று பத்து. கழுத்துத் துணியைத் தளர்த்திக்கொள்கிறாள். பிறகு முன்னால் குனிந்து, “அண்ணே, கடிகாரம்,” என்கிறாள் மெதுவாக. அவர் பதறி அமுக்கியதில் டீ தாளில் சிந்துகிறது.

காய்கள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டு, கடைசியில் இரண்டு ராஜாக்கள் மட்டுமே மிஞ்சுகிறார்கள். டிரா. அவரிடம் பதினோரு விநாடி மீதி. குலுக்கிய கையை அவர் விடவில்லை. “பைத்தியமா தங்கச்சி நீ? வாயத் தொறக்காம இருந்திருந்தா ஜெயிச்சிருப்பியே!” “உங்க நேரம் ஓடுறதப் பாத்துக்கிட்டு எனக்கு யோசனையே ஓடலண்ணே,” என்கிறாள் அவள். தம்பசுரேன் சட்டைப்பையிலிருந்து காய்ந்த தயிர்க்கட்டி ஒன்றை எடுத்து அவள் பக்கம் நகர்த்துகிறார். அதை வாயில் ஒதுக்கிக்கொண்டு, அவள் காய்களை ஆட்டத்தின் நடுவில் இருந்த இடங்களில் திரும்ப வைக்கிறாள். “சரி, இங்க நான் உங்க குதிரைய வெட்டியிருந்தா?” “அப்பவே நான் காலி,” என்கிறார் அவர். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.