சத்தம் வராத மோட்டர்

கடைத்தெருவில் அஸர் தொழுகை முடிந்த நேரத்து வெயில், தகரக் கூரைக்குக் கீழே நுழைந்து சீமெந்துத் தரையில் திறந்து வைத்திருக்கும் இரண்டு பெட்டிகளின் மேல் விழுகிறது. ஒன்றில் பற்றரி மோட்டர், மற்றதில் பெற்றோல் எஞ்சின். தன் சைக்கிளுக்கு எதைப் பூட்டுவது என்று ஆதம்பாவா குனிந்து பார்க்கிறார். வாசலில் சாய்த்திருக்கும் அந்தச் சைக்கிளின் மீன்பெட்டியை ஒரு பூனை சுற்றிச் சுற்றி வருகிறது. தொண்டை ஒபரேசனில் அவருக்குக் குரல் போன நாளிலிருந்து பெட்டி காய்ந்துதான் கிடக்கிறது. கழுத்தில் சுற்றிய துவாயை அவர் கை விடவேயில்லை. "பற்றரியை எடுங்க காக்கா. ஓடக்குள்ள ஒரு சத்தமும் வராது" என்கிறான் கடைக்கார நளீம். "ஓம் தம்பி, அதையே பூட்டுங்க. மிதிச்சா இவருக்கு மூச்சு வாங்குது" என்கிறாள் மனைவி கதீசா. ஆதம்பாவா தலையை ஆட்டி மறுக்கிறார். விரல் பெற்றோல் எஞ்சினைக் காட்டுகிறது. "அல்லாஹ்வே, அது ஊரையே எழுப்பும்!" என்று கதீசா பதறுகிறாள். நளீம் சிரித்துக்கொண்டே, அதேபோல் எஞ்சின் பூட்டிய வேறொரு சைக்கிளை முடுக்கிக் காட்டுகிறான். கடை அதிர்கிறது, ஆணியில் தொங்கும் செயின்கள் நடுங்குகின்றன. கதீசா காதைப் பொத்திக்கொள்கிறாள். நீலப் புகைக்கு நடுவே ஆதம்பாவாவின் கை தானாக வாயோரம் போகிறது, முன்பு மீன் விற்க ஒழுங்கை முனைகளில் நின்று "கீரிமீனோ..." என்று கூவும்போது போனதைப் போல. வாய் திறக்கிறது. எஞ்சின் கத்துகிறது. கதீசா காதிலிருந்து கைகளை மெல்ல எடுக்கிறாள்.