டெய்சிக்கு ஈரல்

"தபசு காலத்து வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஈரல் வாங்கினு வர்றியே, வெக்கமா இல்ல?"

இருதயம்மாள் சந்துக்கே கேட்கிற மாதிரிதான் கேட்டாள். கல்மண்டபத்தில் அந்தச் சந்து முழுக்க மாதா கோயில் ஜனம். தபசு காலம் முடிந்து ஈஸ்டர் வரும்வரை வெள்ளிக்கிழமைகளில் எந்த வீட்டிலும் கறி வாசனையே வராது.

"டெய்சிக்குக்கா," என்றான் பக்கத்து வீட்டு லூர்து.

டெய்சி ஒரு பொமரேனியன் குட்டி. ரயில்வே கார்டு ஹென்றி குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியபோது லூர்துவிடம் விட்டுவிட்டுப் போனது. குரைக்கக்கூடத் தெரியாத சாது. பாவம், பின்னங்கால் இரண்டும் துவண்டு கிடந்தன.

"நாய் பேரச் சொல்லி நீ துன்றியா?"

"டாக்டரு சொல்லிக்கீறாருக்கா. ஈரலை வேகவச்சி, உப்பு காரம் இல்லாம மசிச்சி, கொஞ்சம் கொஞ்சமா குடுக்கணுமாம். அப்பதான் காலு தேறுமாம்."

"ஈஸ்டருக்கு அப்பால குடேன். அதுக்குள்ள இன்னா அவசரம்?"

"இப்ப வுட்டா காலு வெளங்காமலே பூடும். நான் நிறுத்தமாட்டேன்."

"அப்போ சாமியார்கிட்டயே சொல்றேன். பெரிய வெள்ளிக்கு சுரூபம் தூக்க இந்த ஆளு வேணாம்னு!"

லூர்துவின் முகம் சுருங்கிவிட்டது. பெரிய வெள்ளி ஊர்வலத்தில் ஆண்டவர் சுரூபத்தைத் தோளில் சுமப்பது அவனுக்கு உயிர். ஹார்பரில் அதற்கென்று முன்கூட்டியே லீவு கேட்டு வைத்திருந்தான். இருந்தாலும் ஈரல் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனான்.

இருதயம்மாள் அதோடு விடுகிற ரகமா? கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று சாப்பாட்டு வேளைக்கு அவன் வீட்டுக்குள் நுழைந்தாள். வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் வெளியே நின்றுகொண்டார்கள்.

லூர்துவின் மனைவி ஃப்ளோரன்ஸ் அப்போதுதான் சட்டியை இறக்கியிருந்தாள். வாசனைக்கு டெய்சி நடுங்க நடுங்க எழுந்து நின்றது. இப்போதெல்லாம் கொஞ்ச நேரம் நிற்கிறது.

"நாய்க்குன்னா உப்பு இருக்காதுல்ல? இப்ப தெரிஞ்சிபூடும் உன் வண்டவாளம்!"

"அக்கா, இரு..."

லூர்து தடுப்பதற்குள் சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள் இருதயம்மாள். கண்ணை மூடி மென்று பார்த்தாள். நம்பிக்கை வரவில்லை. இன்னொரு துண்டையும் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நெஜமாவே உப்பில்லடா," என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"அக்கா... இன்னிக்கு வெள்ளிக்கிழமை," என்றாள் ஃப்ளோரன்ஸ் மெதுவாக.

இருதயம்மாளின் தாடை அசையாமல் நின்றது.

"இன்னாக்கா, மாட்டிக்கினானா?" என்று கேட்டுக்கொண்டே வெளியே இருந்த பெண்கள் வாசற்படி ஏறினார்கள்.

லூர்து ஓடிப்போய்க் கதவைச் சாத்தினான்.

"சீக்கிரம் துப்பிடுக்கா. நாங்க யாருக்கும் சொல்லமாட்டோம்."