பாதி மெட்டு

"அவனுங்க கூட நின்னு என்னால பாட முடியாது மாஸ்டர். வேற ஆளப் பாத்துக்கோங்க."

சொல்லிவிட்டு அன்புராஜ் சபை ஹாலின் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான். ஏ ஷிப்ட் முடிந்து, கம்பெனி சட்டையைக்கூட மாற்றாமல் நேராக வந்திருந்தான்.

எபினேசர் மாஸ்டர் பியானோவை விட்டுத் திரும்பவில்லை. வலது கை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்க, இடது கையால் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார்.

"நீ இல்லன்னா நம்ம பசங்க ஒருத்தனும் வர மாட்டானுங்க அன்பு."

"வராட்டி போறானுங்க."

போன மாதம் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் டீக்கடையில் உள்ளூர்ப் பையன்களுக்கும் ஒடிசாத் தொழிலாளர்களுக்கும் கைகலப்பு. இன்னொரு தடவை கலாட்டா என்றால் ஒடிசாக்காரர்கள் அத்தனை பேரையும் காலி பண்ணச் சொல்லிவிடுவோம் என்றார்கள் லைன் வீட்டு ஓனர்கள். மாஸ்டர்தான் போய்க் கெஞ்சினார். ரெண்டு தரப்பையும் ஒரே மேடையில் பாட வைத்துக் காட்டுகிறேன், அதுவரைக்கும் பொறுங்கள் என்று வாக்குக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு கச்சேரி. பாட்டு பாதி தமிழில், பாதி ஒடியாவில். தமிழுக்கு அன்புராஜ். வெண்கலக் குரல் அவனுக்கு. எந்தப் பாட்டையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே பிடித்துக்கொள்வான். இன்றைக்குத்தான் முதல் ஒத்திகை. அதற்குள் இந்த வம்பு.

மாஸ்டரின் மனைவி கிறிஸ்டினா டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நீயாவது இவருக்குப் புத்தி சொல்லுப்பா. எளாவூர் செக்போஸ்டாண்ட தெலுங்கு லாரிக்காரங்களுக்கும் நம்மாளுங்களுக்கும் தகராறுன்னா இவர்தான் கீபோர்டத் தூக்கிக்கினு ஓடணும். இங்க ஒடிசாக்காரங்கன்னாலும் இவர்தான் ஓடணும். பைக்ல மெதுவாப் போங்கன்னா கேக்கறதில்ல. இப்பப் பாரு, வெரலு பழையபடி வருமான்னு டாக்டருக்கே தெரியலயாம்!"

"டீயக் குடிக்க வுடு கிறிஸ்டி."

அவருக்கு உண்மையிலேயே அலுத்துப்போயிருந்தது. எத்தனை வருஷம்தான் அடித்துக்கொள்கிறவர்களுக்கு நடுவே பாட்டைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பது? பாடுகிற வரைக்கும் கை தட்டுவார்கள். மறுநாள் மறுபடியும் சட்டையைப் பிடிப்பார்கள்.

வராந்தாவில், ஒடியாப் பகுதியைப் பாட வந்திருந்த சுதாமும் அவன் கூட்டாளிகள் ரெண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். அன்புராஜ் அந்தப் பக்கம் முறைத்தான்.

"அவனாண்ட நானு நிக்கணுமா? ஓவர்டைம் பூரா அவனுங்களுக்குத்தான் போவுது. என் தம்பிய டீக்கடையில புடிச்சுத் தள்ளுனானுங்க, பல்லு போச்சு. அத்த மறந்துட்டு நான் பாடணும், இல்ல?"

"மறக்கச் சொல்லல. பக்கத்துல நில்லுன்னுதான் சொல்றேன்."

"நானும் சொம்மா வுடல மாஸ்டர்." அன்புராஜ் குரலைத் தாழ்த்தினான். "போன வாரம் சாயங்காலம் கரண்டு போச்சே, அன்னிக்கு ஒருத்தன் அவனுங்க லைன் ஊட்லேர்ந்து ஹாயா பாடிக்கினு வந்தான். வார்த்தையெல்லாம் அவனுங்க பாஷை. இருட்டுல மூஞ்சி தெரியல. பைப்பால ஒரே போடு. வுழுந்தான். நான் ஓடியாந்துட்டேன்."

மாஸ்டரின் இடது கை நின்றது.

"கத்தினானா?"

"அதான் இல்ல. ஒரு சத்தம் வரணுமே! கம்முனு கெடந்தான்."

"கத்தினா கூட்டம் சேரும். அப்புறம் அந்த லைன் ஊட்டுல ஒரு ஓடு மிஞ்சாதுன்னு நெனச்சிருப்பான்."

"அவ்ளோ நல்லவனா அவன்?" என்று சிரித்தான் அன்புராஜ். சிரிப்பு பாதியிலேயே அடங்கிவிட்டது. "ஆனா ஒரே பேஜாரு மாஸ்டர். அவன் பாடுன மெட்டு மண்டையில ஒட்டிக்கிச்சு. மெஷினாண்ட நின்னாலும் வாயில அதான் வருது. படுத்தா தூக்கம் வரல. அந்தாளு இன்னா ஆனானோ, ஏது ஆனானோ..."

"எங்க, பாடு பாப்போம்."

"இன்னாது?"

"அந்த மெட்டத்தான். வார்த்த வேணாம்."

அன்புராஜ் தயங்கினான். பிறகு கண்ணை மூடி முனக ஆரம்பித்தான். முனகல் மெல்ல மெல்லக் குரலாயிற்று. சும்மா சொல்லக்கூடாது, நல்ல மெட்டு. வராந்தாவில் இருந்தவர்கள், இது என்ன புதுப் பாட்டு என்பதுபோல எட்டிப் பார்த்தார்கள்.

பாதியில் நிறுத்திவிட்டான்.

"இவ்ளோதான் தெரியும். இதுக்கு மேல நான் அவனப் பாட வுடல."

மாஸ்டர் பியானோ பக்கம் திரும்பினார். அவன் விட்ட இடத்திலிருந்து மெட்டை எடுத்து, ஒற்றைக் கையாலேயே கடைசி வரைக்கும் வாசித்து முடித்தார்.

அன்புராஜ் எழுந்தே விட்டான்.

"மாஸ்டர்! அதே பாட்டுதான்! உங்களுக்கும் தெரியுமா? அப்ப அந்தாளு யாருன்னும் உங்களுக்குத் தெரியும். சுதாமா? சொல்லுங்க மாஸ்டர், அவன் கால்ல வேணாலும் வுழறேன். என்னால தாங்க முடியல."

மாஸ்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"சுதாம் வார்த்த மட்டும்தான் சொல்லிக் குடுத்தான். மெட்டு, அன்னிக்கு அவங்க ஊட்லேர்ந்து நடந்து வர்றப்போ நான் போட்டது. இன்னும் யாருக்கும் சொல்லித் தரல அன்பு."