பெயர் தெரியாத பெண்

"எழுதி முடிச்சு அனுப்புறப்போ லாகின் கேக்குறோம். அதுல எழுதினது மொத்தமும் அழிஞ்சுபோகுது, டெரன்ஸ்" என்றாள் நோலா. பிரிஸ்பேன் நூலகம் ஒன்றின் பழைய புகைப்படங்களுக்குப் பொதுமக்கள் விவரம் எழுதும் இணையதளம் அவள் பொறுப்பு.

"நிஜமா அக்கறை இருந்தா திரும்ப எழுதுவாங்க. மத்ததெல்லாம் வெட்டிப் பொழுது போக்குற கூட்டம்" என்றார் மேலாளர் டெரன்ஸ்.

"ஞாயித்துக்கிழமை ஒருத்தர் நாப்பது நிமிஷம் எழுதியிருக்கார். மூணு தடவை பாஸ்வேர்டு தப்பு. போயிட்டார். வெள்ளத்துல கூரைமேல கோழியோட உக்காந்திருக்கிற பொம்பளை படம். பாவம், இன்னமும் 'பெயர் தெரியாத பெண்'தான்."

டெரன்ஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பேரு மேவிஸ். எங்க அம்மா" என்றார். "ரெண்டாந்தடவை எழுத மனசு வரலை."

நோலா கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எழுதுங்க. இந்தத் தடவை நீங்க யாருன்னு கேக்க மாட்டேன்."