எல்லைக்கல்லில் பிறந்தது

தகப்பன் பெயர் சொல்லாத பிள்ளை எந்தத் தேவாலயப் பங்கின் எல்லைக்குள் பிறக்கிறதோ, அந்தப் பங்குதான் அதற்குக் கஞ்சி ஊற்ற வேண்டும் என்பது அந்தச் சீமையின் சட்டம். அதனால்தான் இடுப்புவலி கண்ட ஹெஸ்டரை அவளுடைய பங்குக்காரர்களே வண்டியில் அள்ளிப்போட்டு எல்லைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே பக்கத்துப் பங்குக்காரர்கள் தடியோடு நின்றார்கள்.

“உங்க ஊர்ப் பாவத்த எங்க தலையில கட்டாதீங்கய்யா!”

இவர்கள் தள்ள, அவர்கள் தள்ள, ஹெஸ்டர் எல்லைக்கல்லையே கட்டிக்கொண்டாள். பிள்ளை அதனடியிலேயே விழுந்தது.

“எந்தப் பக்கம்?” என்று எல்லோரும் குனிந்தார்கள்.

பிள்ளை அழவில்லை, அசையவுமில்லை.

“கடவுள் கண்ணத் திறந்துட்டாரு” என்றார் ஒருவர். அவள் தலைக்கு மேலாகவே இரு தரப்பாரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அவளை ஏற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பும்போது மடியில் பிள்ளை மெல்ல முனகியது. ஹெஸ்டர் சட்டென்று அதன் வாயைப் பொத்தினாள்.